கண்புரை அறுவை சிகிச்சையோடு கண் அழுத்தத்துக்கும் நுண்குழாய்: யாருக்குப் பொருந்தும், எந்த அளவுக்கு உதவும்?

கண்புரை அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கிக் காத்திருக்கும் மூத்தவர்களில் சிலருக்குக் கண் அழுத்த நோயும் சேர்ந்தே இருக்கிறது. ‘குளுக்கோமா’ எனப்படும் அந்நோய்க்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் சொட்டு மருந்து போட்டு வந்திருப்பார்கள். அத்தகையவர்களிடம், புரையை எடுக்கும்போதே கண்ணுக்குள் ஒரு சிறு குழாயையும் வைத்துவிடலாமா என்று மருத்துவர் கேட்கக்கூடும்.

நோயாளியும் உடன் வந்த மகனோ மகளோ பெரும்பாலும் அங்கேயே, சில நிமிடங்களில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. குழாய் வைத்தால் சொட்டு மருந்தை நிறுத்திவிடலாமா? போன பார்வை திரும்புமா? வைக்காவிட்டால் கண் கெட்டுவிடுமா? இவற்றுக்குத் தெளிவான பதில் தெரியாமல் கையொப்பமிடுவோரும் உண்டு, பயந்து மறுத்துவிடுவோரும் உண்டு.

இரண்டும் வெவ்வேறு நோய்கள்

கண்புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்கிப்போவது. பார்வை புகை மூட்டம்போல் ஆகும். இரவில் எதிரே வரும் வாகனத்தின் விளக்கு கூசும். மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லையைப் பொருத்தினால் பார்வை மீண்டும் தெளிவடையும்.

கண் அழுத்த நோய் அப்படிப்பட்டதன்று. கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்லும் பார்வை நரம்பு சிறிது சிறிதாகச் சிதைவதே இந்நோய். முதலில் பக்கவாட்டுப் பார்வை குறையும். நேர்ப்பார்வை கடைசிவரை ஓரளவு நன்றாகவே இருப்பதால், நோய் முற்றும்வரை பலருக்குத் தெரிவதே இல்லை. வலியும் பெரும்பாலும் இருக்காது. சிதைந்த நரம்பை மீட்கும் சிகிச்சை இன்றுவரை இல்லை. எஞ்சியிருக்கும் பார்வையைக் காப்பது மட்டுமே மருத்துவத்தால் முடியும்.

“வயதானால் கண் மங்கத்தான் செய்யும், புரை முற்றட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் பெரியவர்கள் சொல்வதுண்டு. மங்கலுக்குக் காரணம் புரை மட்டும் என்றால் தாமதத்தால் வரும் இழப்பைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். அழுத்த நோயும் உள்ளே இருந்தால், காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் நரம்பு தேய்ந்துகொண்டே போகும்.

சிங்கப்பூர்க் கண் ஆய்வுக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட கணிப்பின்படி, உலகில் கண் அழுத்த நோயாளிகளின் எண்ணிக்கை 2020இல் 7 கோடியே 60 லட்சமாக இருக்கும். 2040இல் அது 11 கோடியைத் தாண்டும்.

கண்ணுக்குள் ஓடும் நீர்

கண்ணின் முன்பகுதியில் தெளிவான ஒரு நீர் எந்நேரமும் சுரந்துகொண்டிருக்கிறது. கண்ணீர் வேறு, இது வேறு. வில்லைக்கும் அதன் முன்னுள்ள படலத்துக்கும் ஊட்டம் தரும் இந்நீர், பாப்பாவின் வழியாக முன்னறைக்கு வந்து, கருவிழியின் ஓரத்தில் உள்ள மெல்லிய சல்லடை ஒன்றின் ஊடாக வெளியேறும்.

அந்தச் சல்லடைக்குப் பின்னால், விழியைச் சுற்றி வளையம்போல் ஒரு நுண்ணிய கால்வாய் ஓடுகிறது. அதன் சுற்றளவு ஏறக்குறைய 36 மில்லிமீட்டர். 1830இல் அதை விவரித்த ஜெர்மானிய உடற்கூறு அறிஞர் ஃபிரெட்ரிக் ஷ்லெம் பெயரால் அது ‘ஷ்லெம் கால்வாய்’ எனப்படுகிறது. அங்கிருந்து நீர் இரத்தக்குழாய்களில் கலந்துவிடும்.

சுரக்கும் நீரும் வடியும் நீரும் சமமாக இருந்தால் அழுத்தம் சீராக இருக்கும். பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவு இயல்பானது எனக் கொள்ளப்படுகிறது. சல்லடை அடைபட்டால், வீட்டுக்குப் பின்னால் உள்ள கால்வாயில் குப்பை அடைத்து நீர் தேங்குவதுபோல் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். சுரப்பைக் குறைக்கும் மருந்துகளும் உண்டு, வடிகாலைத் தளர்த்தும் மருந்துகளும் உண்டு. நுண்குழாய் செய்வது மூன்றாவது வேலை: அடைபட்ட சல்லடையைத் தாண்டிச் செல்ல நீருக்கு ஒரு குறுக்குவழி.

எத்தனை வகை

கண் அழுத்தத்துக்கு அறுவை சிகிச்சை புதிதன்று. வெண்விழியில் சிறு கதவுபோல் திறந்து நீரை வெளியே வடியவிடும் ‘டிராபெகுலெக்டமி’ முறையை 1968இல் இங்கிலாந்தின் கெம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜே. இ. கேர்ன்ஸ் விவரித்தார். அதையடுத்து, தட்டோடு இணைந்த குழாயைப் பொருத்தும் முறையை அந்தோணி மொல்டேனோ தென்னாப்பிரிக்காவில் உருவாக்கினார். இரண்டும் இன்றும் பயன்படுகின்றன. அழுத்தத்தை நன்றாகக் குறைக்கும் இம்முறைகளில் ஆபத்தும் கூடுதல், குணமடைய நாளும் அதிகம். அதனால் தொடக்கநிலை நோயாளிகளுக்கு மருத்துவர்கள் இவற்றை எளிதில் பரிந்துரைப்பதில்லை.

சொட்டு மருந்துக்கும் பெரிய அறுவைக்கும் நடுவிலிருந்த இடைவெளியை நிரப்ப வந்தவைதான் நுண்குழாய்கள்.

• ஐஸ்டென்ட்: 1 மில்லிமீட்டர் நீளமுள்ள டைட்டானியக் குழாய். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012 ஜூன் மாதம் இதை அனுமதித்தது. கண்புரை அறுவையோடு சேர்த்து வைக்க அங்கு அனுமதி பெற்ற முதல் நுண்குழாய் இதுவே.

• ஐஸ்டென்ட் இன்ஜெக்ட்: 2018இல் அனுமதி பெற்ற அடுத்த தலைமுறை. ஒவ்வொன்றும் 0.36 மில்லிமீட்டர் நீளமுள்ள இரண்டு குழாய்கள், ஒரே ஊசிக்கருவியால் இரண்டு இடங்களில் செலுத்தப்படும்.

• ஹைட்ரஸ்: இதுவும் 2018இல் அனுமதி பெற்றது. 8 மில்லிமீட்டர் நீளத்தில் பிறைபோல் வளைந்தது. நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகத்தால் ஆனது. ஷ்லெம் கால்வாயில் ஏறக்குறைய கால் பங்கைத் திறந்து வைத்திருக்கும்.

• ஸென்: 6 மில்லிமீட்டர் நீளமுள்ள மென்மையான ஜெலட்டின் குழாய். இது ஷ்லெம் கால்வாய்க்குள் செல்வதில்லை. நீரை வெண்விழியை மூடிய மெல்லிய தோலுக்கு அடியில் வடியவிடும். மற்ற சிகிச்சைகள் பலனளிக்காதபோது பயன்படுவது. இதன் ஜெலட்டின் பன்றியிலிருந்து எடுக்கப்படுவது என்பதால், சமய அடிப்படையில் தயக்கம் உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிக்கொள்ளலாம்.

நோய் முற்றியவர்களுக்கான பெரிய வகைக் குழாய்களில் சிங்கப்பூரின் பங்கும் உண்டு. தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் பேராசிரியர் பால் சியூ பெயரைத் தாங்கிய ‘பால்’ வடிகுழாய் அங்குதான் உருவானது. கண்புரையோடு வைக்கப்படும் நுண்குழாய்களும் இதுவும் ஒன்றல்ல.

அறுவை அறையில் நடப்பது

முதலில் வழக்கமான கண்புரை அறுவை நடக்கும். கண் மட்டும் மரத்துப்போகும்படி மருந்து தரப்படும். நோயாளி பெரும்பாலும் விழித்தே இருப்பார். மங்கிய வில்லையை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, புதிய வில்லையை வைப்பார்கள்.

பிறகு நோயாளியின் தலையைச் சற்றுத் திருப்பி, நுண்ணோக்கியைச் சாய்த்து, கண்மீது ஒரு சிறப்புக் கண்ணாடியை மருத்துவர் வைப்பார். சல்லடை இருக்கும் மூலையை நேராகப் பார்க்க முடியாது என்பதால் அந்தக் கண்ணாடி தேவைப்படுகிறது. புரைக்காகப் போட்ட அதே சிறு துளை வழியே ஊசிக்கருவி உள்ளே சென்று, மூக்குப் பக்கமாக உள்ள சல்லடையில் குழாயைப் பொருத்தும். புதிய வெட்டோ கூடுதல் தையலோ பொதுவாகத் தேவையில்லை. சிக்கல் எதுவும் இல்லாவிட்டால் சில நிமிடங்களே கூடுதலாகும்.

வைத்த குழாய் வெளியே தெரியாது, உறுத்தாது. அதை எடுக்கவோ மாற்றவோ வேண்டிய தேவை பொதுவாக வராது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

புரையை எடுப்பதாலேயே கண் அழுத்தம் ஓரளவு குறைவதுண்டு. எனவே, “குழாய் வைத்தேன், அழுத்தம் இறங்கிவிட்டது” என்று ஒருவர் சொல்வதை வைத்து முழுப் பெருமையையும் குழாய்க்குக் கொடுத்துவிட முடியாது. புரை அறுவை மட்டும் செய்துகொண்டவர்களோடு ஒப்பிட்டால்தான் குழாயின் உண்மையான பங்கு தெரியும். அமெரிக்க அனுமதிக்காக நடந்த பெரிய ஆய்வுகள் அப்படித்தான் ஒப்பிட்டன.

முதல் ஐஸ்டென்ட் ஆய்வில் ஓராண்டு கழித்து, மருந்தில்லாமலே அழுத்தம் 21 அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்கள் குழாய் வைத்தவர்களில் 72 விழுக்காடு. புரை மட்டும் எடுத்தவர்களில் 50 விழுக்காடு.

ஐஸ்டென்ட் இன்ஜெக்ட் ஆய்வில் ஈராண்டு கழித்து, மருந்தில்லாத நிலையில் அழுத்தம் குறைந்தது 20 விழுக்காடு இறங்கியவர்கள் 75.8 விழுக்காடு. புரை மட்டும் எடுத்தவர்களில் 61.9 விழுக்காடு.

556 நோயாளிகளிடம் நடந்த ஹைட்ரஸ் ஆய்வில் இதே அளவுகோலின்படி ஈராண்டு முடிவில் 77.3 விழுக்காடும் 57.8 விழுக்காடும் கிடைத்தன. ஐந்தாண்டு கழித்தும் சொட்டு மருந்து இல்லாமல் இருந்தவர்கள் குழாய் வைத்தவர்களில் 66 விழுக்காடு, மற்றவர்களில் 46 விழுக்காடு.

இந்த எண்களிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. குழாயால் பலன் இருக்கிறது, அது ஆண்டுகள் கடந்தும் நிற்கிறது. ஆனால் புரையை மட்டும் எடுத்தவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நல்ல முடிவே கிடைத்திருக்கிறது. குழாய் வைத்தவர்களிலோ நான்கில் ஒருவருக்கு அந்த இலக்கு கைகூடவில்லை. “குழாய் வைத்தால் மருந்தே வேண்டாம்” என்று யாராவது உறுதி கூறினால் அதை அப்படியே நம்பிவிடக்கூடாது.

இன்னொரு வரம்பும் உண்டு. ஷ்லெம் கால்வாய் நீர் கடைசியில் இரத்தக்குழாயில்தான் கலக்கிறது. அந்த இரத்தக்குழாயின் அழுத்தத்துக்குக் கீழே கண்ணின் அழுத்தத்தை இறக்க இவ்வழியால் முடியாது. அதனால் மிகக் குறைந்த அழுத்தம் தேவைப்படும் முற்றிய நோயாளிகளுக்கு இந்தக் குழாய் போதாது.

திரும்பப் பெறப்பட்ட ஒரு குழாய்

கண்புரை அறுவையோடு வைக்கப்பட்ட எல்லாக் குழாய்களும் நிலைத்துவிடவில்லை. ‘சைபாஸ்’ என்ற குழாய் 2016இல் அமெரிக்க அனுமதி பெற்றது. வேறொரு வடிகால் பாதையில் வைக்கப்படும் அதன் ஈராண்டு முடிவுகள் நன்றாகவே இருந்தன.

நோயாளிகளை ஐந்தாண்டுவரை தொடர்ந்து கவனித்தபோதுதான் சிக்கல் வெளிப்பட்டது. ‘கோர்னியா’ எனப்படும் கண்ணின் முன்படலத்தைத் தெளிவாக வைத்திருக்கும் உட்புறச் செல்கள், குழாய் வைத்தவர்களிடம் சராசரியாக 20.5 விழுக்காடு குறைந்திருந்தன. புரை மட்டும் எடுத்தவர்களிடம் அந்தக் குறைவு 10.1 விழுக்காடு. இச்செல்கள் மீண்டும் வளர்வதில்லை. மிகவும் குறைந்துபோனால் படலம் வீங்கி மங்கிவிடும். 2018 ஆகஸ்ட் 29ஆம் தேதி அல்கான் நிறுவனம் அக்குழாயை உலகச் சந்தையிலிருந்து தானாகவே திரும்பப் பெற்றது.

அந்தக் காலத்தில், வெளிநாட்டில் உட்பட, சைபாஸ் வைத்துக்கொண்டவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் கோர்னியா பரிசோதனையைத் தொடர வேண்டும். எந்தக் குழாயாக இருந்தாலும் அதன் பெயர் அச்சிட்ட அட்டையை அடையாள அட்டையோடு பத்திரப்படுத்துவது நல்லது. எம்ஆர்ஐ சோதனைக்குப் போகும்போது அதைக் காட்ட வேண்டும்.

யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது?

ஷ்லெம் கால்வாய்க் குழாய்கள் மூன்றும் சேர்ந்திருப்பவர்களுக்கு உரியவை: அறுவை தேவைப்படும் கண்புரை, ‘திறந்த கோண’ வகைக் கண் அழுத்த நோய், நோய் தொடக்க நிலையிலோ நடுத்தர நிலையிலோ இருப்பது.

நீர் வடியும் மூலை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதைப் பொறுத்தே நோயின் வகை அமைகிறது. சீனரிடையே மூடிய கோண வகை கூடுதலாகக் காணப்படுகிறது. சிங்கப்பூரில் 40 வயதைக் கடந்த ஏறத்தாழ 3,400 இந்தியர்களிடம் நடந்த கண் ஆய்வில் திறந்த கோண வகையே அதிகமாக இருந்தது. இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் மூலையைக் கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

மூலை மூடிய வகையில் புரையை எடுப்பதே பெரிய சிகிச்சையாக அமையலாம். தடித்த வில்லை போனதும் மூலை அகன்று இடம் கிடைக்கும். மலேசிய, சிங்கப்பூர் மருத்துவமனைகளும் பங்கேற்று 2016இல் வெளியான ‘ஈகிள்’ ஆய்வு, இவ்வகையினருக்குத் தெளிவான வில்லையையே முதல் சிகிச்சையாக எடுப்பது லேசரைவிட நல்ல பலன் தந்ததாகக் காட்டியது.

இனிப்பு நீர் முற்றி, கண்ணில் புதிய இரத்தக்குழாய்கள் முளைத்து அழுத்தம் ஏறியவர்களுக்கு இக்குழாய் ஏற்றதன்று. நோய் முற்றியவர்களுக்கு டிராபெகுலெக்டமியோ பெரிய வடிகுழாயோ தேவைப்படலாம்.

கண்புரை இல்லாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. பிரிட்டனில் 718 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ‘லைட்’ ஆய்வில், முதலில் லேசர் செய்துகொண்டவர்களில் 74 விழுக்காட்டினர் மூன்றாண்டு கழித்தும் சொட்டு மருந்து இல்லாமலே அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தனர்.

அறுவைக்குப் பிறகு

முதல் சில நாள்கள் கண்ணுக்குள் சிறிது இரத்தம் கசிந்து பார்வை மங்கலாம். பெரும்பாலும் அது தானே கரைந்துவிடும். சிலருக்கு அழுத்தம் தற்காலிகமாக ஏறலாம். குழாய் சரியான இடத்தில் அமையாமல் போவதும் பின்னாளில் அடைபடுவதும் உண்டு. கடும் வலி, கூடிவரும் சிவப்பு, திடீர்ப் பார்வைக் குறைவு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த சந்திப்புத் தேதிவரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அறுவைக்குப் பின் சில வாரங்களுக்கு ஸ்டெராய்டு சொட்டு மருந்து தருவார்கள். சிலருக்கு அதுவே அழுத்தத்தை ஏற்றும். மிச்சமிருக்கும் குப்பியை வைத்துக்கொண்டு, கண் சிவந்தபோதெல்லாம் போடுவதும் பக்கத்து வீட்டாருக்குக் கொடுப்பதும் ஆபத்தானவை.

பழைய அழுத்த மருந்தை நிறுத்தலாமா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். அழுத்தம் இறங்கியதாலும், புதிய வில்லையால் பார்வை பளிச்சென்று ஆனதாலும், நோய் போய்விட்டது என்று நினைத்துச் சிலர் மருத்துவமனைப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள். இங்குதான் பெரிய இழப்பு நேர்கிறது. குழாய் வைத்தாலும் கண் அழுத்த நோய் வாழ்நாள் நோயே. அழுத்தம், நரம்பு, பக்கவாட்டுப் பார்வை ஆகிய மூன்றையும் தொடர்ந்து சோதித்துவர வேண்டும்.

செலவும் கேள்விகளும்

மலேசியாவில் குடிமக்களுக்கு அரசு சுகாதார நிலையத்தில் வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட், நிபுணத்துவ மருத்துவரைக் காண 5 ரிங்கிட். உள்ளே வைக்கப்படும் சாதனத்தின் விலை வேறு கணக்கு. சிங்கப்பூரில் கண்புரை அறுவைக்கு மெடிசேவ் சேமிப்பைக் குறிப்பிட்ட வரம்புவரை பயன்படுத்தலாம். இரு நாடுகளிலும், குழாய்க்கான செலவை யார் ஏற்பது என்பதை அறுவைத் தேதிக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. கட்ட இயலாதவர்கள் மருத்துவமனையின் மருத்துவச் சமூகநலப் பிரிவை அணுகலாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை:

• என் நோய் திறந்த கோண வகையா, மூடிய கோண வகையா?
• நரம்பு எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டுள்ளது? எனக்கு அழுத்தம் எவ்வளவுக்கு இறங்க வேண்டும்?
• புரையை மட்டும் எடுத்தால் போதாதா? குழாயால் எனக்குக் கூடுதலாக என்ன பலன்?
• எந்தக் குழாய்? இதுவரை எத்தனை பேருக்கு வைத்திருக்கிறீர்கள்?
• அழுத்தம் இறங்காவிட்டால் அடுத்த வழி என்ன?
• குழாயின் விலை எவ்வளவு? யார் கட்டுவது?

கை நடுக்கத்தால் சொட்டு மருந்தைச் சரியாகப் போட முடியாதவர், தனியே வாழ்பவர், மருந்து வாங்க ஒவ்வொரு முறையும் தோட்டத்திலிருந்து பட்டணம் வர வேண்டியவர் ஆகியோருக்கு ஒரு மருந்து குறைந்தாலும் பெரிய உதவிதான். ஆஸ்துமா உள்ளவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். டிமோலோல் போன்ற அழுத்த மருந்துகள் மூச்சிறைப்பைக் கூட்டும் என்பதால், குழாய் வைப்பது அவர்களுக்குக் கூடுதல் பயன் தரக்கூடும். இத்தகைய சூழ்நிலைகளை மருத்துவரிடம் எடுத்துச் சொன்னால்தான் அவரும் அதற்கேற்ப ஆலோசனை கூற முடியும்.

கண்புரைக்குக் காத்திருக்கும் காலத்தில் அழுத்த மருந்தை ஒரு நாளும் விடக்கூடாது. வீட்டில் ஒருவருக்குக் கண் அழுத்த நோய் இருந்தால் அவருடைய உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். 40 வயதைக் கடந்த அவர்கள், மூக்குக்கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டுவதோடு நின்றுவிடாமல், அழுத்தத்தையும் நரம்பையும் கண் மருத்துவரிடம் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும்.